நெல்வண்டி வக்கீல்

டீசலுக்கு வரிசையில் நின்ற லாரிக்கும் டிராக்டருக்கும் நடுவே கமலாம்பாளின் மாட்டு வண்டி நுழைந்து, செல்லதுரையின் பெட்ரோல் பங்கை அடைத்துக்கொண்டு நின்றது. வண்டி நிறையக் குத்தகை நெல் மூட்டைகள். பின்னால், மாசி மாத உச்சி வெயிலில், கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாக நடந்து வந்தவர் வக்கீல் நாகநாதன். அவருக்குப் பின்னால் காமிராவோடு ஸ்டுடியோக்காரர். அவருக்கும் பின்னால், கடைத்தெருவில் வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், என்னையும் சேர்த்து.

கண்ணாடி அறையிலிருந்து செல்லதுரை இறங்கி வந்தார். துபாயில் பல வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு வந்த மனிதர். கோபம் வந்தாலும் எதையும் நிதானமாகத்தான் தூக்குவார்.

“என்ன வக்கீலய்யா, நாங்க நெல்லுக்கு டீசல் போடுறதில்லீங்களே.”

“குத்தகை கொண்டாந்திருக்கோம். அளந்து எடுத்துக்கிட்டு ரசீது குடுங்க.”

“நெல்லும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அந்தம்மாவை நெலத்தை விட்டு எறங்கச் சொல்லுங்க.”

“அப்ப வாங்க மாட்டீங்க?”

“மாட்டேன்.”

“இன்னொரு வாட்டி சத்தமா சொல்லுங்க. போட்டோல வாய் தெறந்திருக்கணும்.”

கூட்டம் சிரித்தது. ஸ்டுடியோக்காரர் பளிச்சென்று ஒன்று அடித்தார். வண்டி வந்த வழியே திரும்பியது. அந்த வாரமே நெல்லின் கிரயம் கோர்ட்டில் கட்டியாகிவிட்டது. செல்லதுரை தன் பங்கிலேயே தன் வாயைத் திறந்து தோற்றுப்போனார்.

எங்கள் பக்கத்தில் குத்தகைக்காரரை நிலத்திலிருந்து எழுப்புவது லேசில்லை. குத்தகை பாக்கி என்று காட்டினால்தான் கோர்ட் எழுப்பும். அதனால் நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நெல் கொண்டுபோனால் வாங்குவதில்லை. ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை, தீட்டு என்று ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, நாலு மாதம் கழித்துப் பாக்கி என்று மனுப் போடுவார்கள். நாகநாதன் அதற்குக் கண்ட மருந்து இந்த ஊர்வலம். நெல்லை ஊரறிய வண்டியில் ஏற்றி, தானே பின்னால் நடந்துபோய், மறுக்கவைத்துப் படம் பிடித்து, கோர்ட்டில் கட்டிவிடுவார். நன்னிலத்திலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் அவருக்கு நெல்வண்டி வக்கீல் என்று பெயர். பேப்பரிலும் ஒரு தடவை படத்தோடு வந்தது.

கமலாம்பாளுக்கு ஆறு மா, ஏறக்குறைய ரெண்டு ஏக்கர், குத்தகை நிலம். புருஷன் பஞ்சநதம் செத்த பிறகு அவளே நாற்று விட்டு, நடவு போட்டு, வாய்க்கால் தண்ணீருக்கு மடையில் நின்று சண்டை பிடித்துக் காப்பாற்றி வந்தாள். நிலத்துக்குச் சொந்தக்காரரின் பிள்ளைகள் அமெரிக்காவில். அவருக்கு வயலை வந்து பார்க்கவும் ஆளில்லை, பார்க்கும் ஆசையும் இல்லை. குத்தகை ஆள் உட்கார்ந்திருக்கிற நிலத்துக்கு என்ன விலை கிடைக்குமோ அந்த விலைக்குச் செல்லதுரையிடம் தள்ளிவிட்டார். வாங்கியவர் மலிவாக வாங்கியதற்குக் காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே பைபாஸ் வரப்போகிறது என்ற சேதி அவருக்கு முன்கூட்டியே தெரியும். அவளை எழுப்பிவிட்டால் அது வயல் இல்லை, மனை. கல் நட்டு, கொடி கட்டி, ஏதோ நகர் என்று பெயர் வைத்துச் சதுர அடி கணக்கில் விற்கலாம்.

செல்லதுரை சமாதானமும் பேசிப் பார்த்தார். விட்டுக்கொடுத்தால் ஒரு தொகை தருவதாகச் சொன்னார். மஸ்கட்டில் கட்டட வேலை பார்த்த அவள் மகன் ராம்கி எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, “வாங்கிக்கிட்டு விட்டுத் தொலைம்மா” என்றான். பூத்தை விட்டு வெளியே வந்தவள் நேரே எங்கள் கடைக்கு வந்து என் தகப்பனாருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அந்தக் காசுல அவன் இன்னொரு விசா வாங்குவான் பாயி. அப்புறம் நான் எதை நட்டுச் சோறு தின்னுறது? பாஸ்போர்ட்டையா?”

எங்களுடையது ஜவுளிக்கடை. எதிரே கோர்ட். மாடியில் நாகநாதனின் ஆபீஸ். என் அத்தா மீரா உசேன் அவரிடம் வாடகையை நச்சரித்துக் கேட்டதில்லை. வக்கீலுக்குக் கட்சிக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் கத்திரிக்காயும் பூசணிக்காயும் மாடிப்படியில் எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்துவிடும். கோட்டின் கக்கம் வெளுத்துப் பழுப்பாகிவிட்டிருந்தது. அவரோடு படித்தவர்கள் மெட்ராஸில் பங்களா கட்டினார்கள். அவரிடம் ஜூனியராக இருந்து ஓடிப்போன ஒருவர் ஏஜென்சி எடுத்து, குளிர்பானம் விற்று, கார் வாங்கினார். அந்தக் கார் கடைத்தெருவில் போகும்போதெல்லாம் நாகநாதன் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப்பார்ப்பார். பொறாமை என்று சொல்ல மாட்டேன். பஸ் தவறிப்போனவர் பஸ்ஸைப் பார்க்கிற பார்வை.

தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் செல்லதுரைக்குத்தான் சீட்டு என்று கட்சியில் எல்லோரும் பேசினார்கள். காசு அவருடையது, ஆட்கள் அவருடையவர்கள், ஜீப்பும் அவருடையது. அப்படிப்பட்டவர் ஒரு நாள் சால்வையோடு எங்கள் கடை வழியாக மாடி ஏறினார். சால்வையும் எங்கள் கடையில் வாங்கியதுதான். பேரம் பேசாமல் வாங்கினார். அப்போதே அத்தாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“தனக்கு வர்ற சீட்டை வக்கீலுக்கு விட்டுக்குடுக்கிறாராம்” என்று நான் சொன்னேன். ஊர் முழுக்க அதே பேச்சு. ஏழைகளுக்காக நடந்த கால், சட்டசபைக்கு நடக்கட்டும் என்று செல்லதுரையே மேடையில் பேசியிருந்தார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

அத்தா துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: “அஸாரு, நம்ம தெருவுல யாவாரம் நல்லா ஓடுற கடையை மூட வைக்க என்ன செய்வாங்க தெரியுமா? சண்டை போட மாட்டாங்க. அவனுக்குக் கும்பகோணத்துல பெரிய கடையா பார்த்துக் குடுப்பாங்க.”

அன்று சாயங்காலம் அத்தா மாடிக்குப் போனார். டீ கிளாஸை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

“வக்கீலய்யா, உங்களைக் கோர்ட்ல செல்லதுரையால ஜெயிக்க முடியல. அதனால உங்களை ஜெயிக்க வைக்கிறாரு. எம்.எல்.ஏ. ஆனீங்கன்னா பாதி நாள் மெட்ராஸு. மந்திரி ஆயிட்டீங்கன்னா கோட்டே போடக் கூடாதுங்கறாங்க. அந்த ஆறு மாவுக்கு இதைவிட மலிவா வேற வழி இல்லை.”

நாகநாதன் சிரித்தார். “எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க பாய்?”

“தெரிஞ்சேவா?”

“வருஷக்கணக்கா ஜெயிச்சிக்கிட்டே இருக்கேன் பாய். ஒரு வாட்டிகூட முன்னேறல.” டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். “அந்தம்மா கேஸை எங்க இருந்தாலும் பார்த்துக்கலாம். மந்திரியா இருந்து பார்த்துக்க முடியாதா?”

படி இறங்கும்போது அத்தா, “விலை படிஞ்சிருச்சு” என்றார்.

தேர்தலில் நாகநாதனுக்காக அதிகம் உழைத்தவள் கமலாம்பாள். கட்சிப் பேச்சாளர்கள் பேசும்போது பீடி பற்றவைத்த ஜனங்கள் அவள் பேசும்போது அணைத்தார்கள். பெட்ரோல் பங்கில் வண்டி நின்ற கதையை ஊர் ஊராகச் சொன்னாள். அதைச் சொல்லும்போது செல்லதுரையும் அதே ஜீப்பில் பக்கத்தில் நின்று கைகூப்பினார். அந்தக் கதையில் கெட்டவர் தான்தான் என்பதை அவர் பொருட்படுத்தவே இல்லை. “நான் திருந்திட்டேங்க” என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிச் சிரிக்க வைத்தார். வெயிலில் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவள் அவரைத் தம்பி என்றாள், அவர் அவளை அக்கா என்றார். ஓட்டு எண்ணி முடித்தபோது தாரை தப்பட்டை அவள் வீட்டு வாசலிலும் ஒரு சுற்று அடித்துவிட்டுத்தான் போனது.

மாவட்டத்துக்கு ஒரு மந்திரி வேண்டும் என்று மேலிடம் நினைத்தது. நாகநாதனுக்குக் கைத்தறித் துறை கிடைத்தது. “நம்ம சரக்குக்கே மந்திரியா?” என்று அத்தா பெயருக்குச் சந்தோஷப்பட்டார். மாடி ஆபீஸுக்கு ஜூனியர் வானதி வந்து உட்கார்ந்தாள். திருவிடைமருதூர்ப் பெண், கெட்டிக்காரி. வக்காலத்து மாற்றிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது கமலாம்பாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

“ஏம்மா, நான் ஓட்டுப் போட்டுத்தானே அவரு மந்திரி ஆனாரு? ஓட்டுப் போட்டா வக்கீலு போயிருவாருன்னு யாரும் சொல்லலியே.”

“மந்திரி வாதாடக் கூடாதும்மா. சட்டம்.”

“அவரே சொல்லிருக்கலாம்” என்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த அறுவடை முடிந்தது. வானதி வண்டிக்கும் போட்டோவுக்கும் சொல்லி வைப்பதற்கு முன்னால், சைரன் வைத்த கார் கமலாம்பாளின் கூரை வீட்டு வாசலில் வந்து நின்றது. மந்திரி நாகநாதன் இறங்கினார். கூடவே செல்லதுரை. வந்திருந்த கூட்டத்தைப் போலீஸ் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்தவர்கள் இருவர், எதிரே நின்றவள் ஒருத்தி. அங்கே பேசியதை அவள் சொல்லித்தான் பிற்பாடு நாங்கள் கேட்டோம்.

“நாளைக்கு நம்ம புது மில்லு தொறக்கிறோம்கா” என்றிருக்கிறார் செல்லதுரை. “வக்கீலய்யாதான் தொறந்து வைக்கிறாரு. முத மூட்டை உங்க கையால கொட்டணும். இந்த வருஷக் குத்தகை நெல்லையே கொண்டாந்துருங்க. குத்தகையும் தீர்ந்துச்சு, மங்களமாவும் போச்சு. இனிமே நமக்குள்ள என்னத்துக்கு கோர்ட்டு?”

அவள் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். “நல்ல விஷயம்தானேம்மா” என்றார்.

மில் திறப்பு விழாவுக்குப் பொன்னாடைகள் எங்கள் கடையிலிருந்து போயின. நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்றேன். ரிப்பன் வெட்டினார்கள். ஜப்பான் மெஷின் என்றார்கள். அரிசியில் கறுப்பு இருந்தால் அதுவே பார்த்துத் தள்ளிவிடுமாம். கமலாம்பாள் முதல் மூட்டையைச் சாய்த்தாள். நாதஸ்வரம் ஓங்கியது. மீதி மூட்டைகளை ஆட்கள் உள்ளே சுமந்து போனார்கள். மூட்டைகள் போனதை ஊரே பார்த்தது. அது என்ன நெல் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்.

அந்த நேரத்தில் அவள் ஒரு தடவை மேடையைத் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். நெல் கை மாறுவதற்கு முன்னால் காகிதம் கை மாற வேண்டும் என்று அவளுக்கு அத்தனை வருஷமாகச் சொல்லிக் கொடுத்தவர் அங்கேதான் மாலையோடு நின்றார். அவரும் அவளைப் பார்த்தார். பிறகு போட்டோகிராபர் கூப்பிட்ட பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலே மாதத்தில் குத்தகை பாக்கி என்று செல்லதுரையின் மனு வந்தது. மில்லுக்கு வந்த நெல் குத்தகை இல்லையாம். விழாவுக்கு அந்த அம்மா பிரியப்பட்டுக் கொண்டுவந்த சீராம். அவர் கோர்ட்டில் அக்கா என்றுதான் சொன்னார். “எங்க அக்கா சீர் செஞ்சாங்க, நான் மறுக்கல.”

வானதிக்கு அழுகை வந்துவிட்டது. “ஏம்மா ரசீது கேக்கல? உங்களுக்குத் தெரியாததா?”

எங்கள் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கமலாம்பாள் சொன்னாள்: “தெரியாம இல்லம்மா. அத்தனை பேரு முன்னாடி, மேடையைப் பார்த்து ரசீது குடுன்னு நான் கையை நீட்டினா யாருக்கு அசிங்கம்? வக்கீலய்யா கூட்டியாந்த எடத்துல நம்பாம நின்னாங்கறது அவருக்குத்தானே அசிங்கம். மந்திரியான மொத வருசம்.”

அத்தா தலையைக் குனிந்து துணியை அளந்தார். அளந்த துணியையே மறுபடியும் அளந்தார். அவளுடைய மரியாதையையும் சேர்த்துத்தான் செல்லதுரை விலை போட்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. கட்டிலில் உட்கார்ந்து கேட்டவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். மந்திரியைக் கட்டாயப்படுத்திக் கூப்பிட முடியாது, அவராக வந்தால்தான் உண்டு என்றாள் வானதி. எழுதிக் கேட்டாள். மெட்ராஸிலிருந்து பதில் இல்லை. நெசவாளர் கூட்டத்துக்காக அவர் வந்து பயணியர் விடுதியில் தங்கியபோது கமலாம்பாள் நேரிலேயே போனாள். பொன்னாடைப் பெட்டியைக் கொடுக்கப் போன நான் ஓரமாக நின்றேன்.

“வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. வயல் எப்படி இருக்கு?”

“வயலு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் அதுல எடம் இல்லாமப் போகுது. அன்னிக்கு எங்க வாசல்ல அவரு சொன்னது உங்க காதுல விழுந்துச்சுல்ல?”

“விழுந்துச்சும்மா.”

“அதை வந்து சொன்னா போதும். பொய்யா ஒரு வார்த்தை வேணாம்.”

நாகநாதன் கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே செல்லதுரையின் ஆட்கள்தான் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். “நான் கூண்டுல ஏறினா, சொந்தக் கட்சிக்காரன் மேலயே மந்திரி சாட்சின்னு பேப்பர்ல வந்துரும்மா.”

“வரட்டுமே. என் வண்டிக்குப் பின்னாடி நடந்தப்பவும்தான் பேப்பர்ல வந்துச்சு. அப்ப நல்லாத்தானே இருந்துச்சு?”

அவர் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று கண்டுபிடிக்க எனக்கு அவகாசம் இல்லை, யாரோ பைலோடு வந்துவிட்டார்கள். “வர்றேம்மா” என்றார். எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவையும் சொன்னார். “நீங்க போங்க. வர்றேன்.”

அவள் நிம்மதியாகத் திரும்பினாள். கடையில் வந்து நான் அதை அப்படியே சொன்னேன். அத்தா கேட்டார்:

“எப்படிச் சொன்னாரு? ‘வந்துடுறேன்’னா, ‘வர்றேன்’னா?”

“வர்றேன்னுதான் சொன்னாரு.”

“பொடவையெல்லாம் கலைச்சுப் பார்த்துட்டு, நாலு கடை சுத்திட்டு வர்றேன்னு எழுந்திரிப்பாங்களே, எத்தனை பேரு திரும்பி வந்திருக்காங்க?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்தம்மாகிட்டச் சொல்லிறாதே.”

சாட்சி சொல்லும் நாள் வந்தது. அன்றைக்கும் நாகநாதன் இந்தப் பக்கத்தில்தான் இருந்தார், திருவிடைமருதூரில் ஏதோ திறப்பு விழா. கார் எடுத்தால் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் வந்துவிடலாம். கோர்ட் வராந்தாவில் கூட்டம். டீக்கடைப் பெஞ்சில் கரை வேட்டிகள். செல்லதுரை தூணில் சாய்ந்தபடி, யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கமலாம்பாளுக்கும் சொன்னார். “சாப்டீங்களாக்கா?” அவள் பதிலுக்கு, “நீ சாப்டியா தம்பி?” என்றாள். தேர்தல் ஜீப்பில் பழகிய வாய், அதற்கு வழக்கு தெரியவில்லை. சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வானதி உள்ளே ஏதோ சொல்ல, சாட்சிகளைக் கூப்பிடும் டவாலி வாசலுக்கு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

“நாகநாதன்!”

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். “யோவ், யாரை என்னன்னு கூப்பிடுற? பேருக்கு முன்னாடி ஒண்ணும் இல்லியா?”

“கோர்ட்ல முன்னாடியும் இல்லீங்க, பின்னாடியும் இல்லீங்க. மொட்டைப் பேருதான். கொலைகாரனுக்கும் அதேதான், கலெக்டருக்கும் அதேதான்.”

“மாண்புமிகு போட்டுக் கூப்பிடுய்யா.”

“போட்டா மட்டும் வந்துருவாரா?” என்றார் டவாலி. சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் செல்லதுரையைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். டவாலி இரண்டாவது முறை கூப்பிட்டார். சாலையில் பைபாஸுக்கு ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று கடந்து போய்த் தூசியைக் கிளப்பியது. தூசி அடங்கும் வரைக்கும் கமலாம்பாள் அதற்குள் காரைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு டவாலி உள்ளே திரும்பினார்.

வானதி வெளியே வந்து அவள் தோளைத் தொட்டாள். “போதும்மா. மூணு வாட்டிதான் கூப்பிடுவாங்க.”

“அவங்க கூப்பிட்டா அவருக்கு எப்படிம்மா கேக்கும்? காயிதத்தைப் படிக்கிற மாதிரியில்ல கூப்பிடுறாரு.”

கமலாம்பாள் தோளை விடுவித்துக்கொண்டு வராந்தாவின் விளிம்புக்குப் போனாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள். ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறவனை இக்கரையிலிருந்து கூப்பிடுகிற குரல் அது. அடிவயிற்றில் தொடங்கி, கடைசி எழுத்தை இழுத்து இழுத்துக் காற்றில் விடுகிற குரல்.

“வக்கீலய்யோ...வ்!”

கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். டீக்கடைக்காரர் தூக்கிய பாத்திரத்தைத் தூக்கியபடியே பிடித்திருந்தார். எதிரே எங்கள் கடையில் அத்தா முழக்கோலோடு வாசலுக்கு வந்தார். கோர்ட்டுக்கு உள்ளே எழுதிக்கொண்டிருந்த பேனாச் சத்தம்கூட நின்றதுபோல இருந்தது. அவளைத் தடுக்க ஓடிவந்த டவாலி பாதி நீட்டிய கையோடு அப்படியே நின்றார். செல்லதுரை மட்டும் தூணை விட்டு நிமிர்ந்து, திருவிடைமருதூர் ரோடு வளைகிற இடத்தைப் பார்த்தார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் கைகளைக் குவித்தாள்.